டெல்மரின் பூக்கள்

செத்துப்போன டெல்மருக்கு மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று ஊரே திரண்டு வந்து அவனுடைய குன்றைக் கொளுத்திவிட்டுப் போனது. அவன் மனைவி லவான் வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாள். டெல்மரின் தாத்தா மாட்டுத் தீவனத்துக்கு விதைத்த மஞ்சள் குளோவர் பூச்செடியின் விதை இன்னும் மண்ணுக்குள் தூங்குகிறது, சூடு பட்டால் மொத்தமும் முளைக்கும், அடுத்த வருடமே ஆளுயரம் வளர்ந்து, டெல்மர் மீட்டெடுத்த நாட்டுப் புல்லை அமுக்கிவிடும் என்றாள். யார் கேட்டார்கள்? புல்வெளி வளர்த்தவன் செத்தால் வசந்தத்தில் அவன் நிலத்துக்குத் தீ வைத்துத்தான் வழியனுப்ப வேண்டுமாம். டெல்மரின் சிநேகிதன் வெர்லின் பந்தத்தோடு முன்னால் நின்றான்.

"முளைக்கிறதைப் பிடுங்க வருவீங்களா?"

"என்ன கேள்வி இது, லவான்? எல்லாரும் வருவோம்."

புகையில் நின்று அழுதார்கள். சில்லி என்கிற பீன்ஸ் குழம்பையும் இலவங்கப்பட்டை ரொட்டியையும் ஒரு கை பார்த்தார்கள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு ஒரு ஈ காக்கை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மறு வருடம் ஜூலையில் குன்று முழுக்க மஞ்சள். டெல்மரும் அவளும் இடுப்பொடிய வளர்த்த புல் அதனடியில் மூச்சுமுட்டிக் கிடந்தது. விதை முற்றி உதிர்ந்தால் அவள் ஆயுளுக்கும் தீராது. விடிந்தால் போய்ப் பிடுங்கினாள். ஒரு மூலைகூடத் தெளியவில்லை. ஊரோ காரை நிறுத்திப் படமெடுத்து, 'டெல்மரின் பூக்கள்' என்று பெயரும் வைத்துவிட்டது.

ஒரு ஞாயிறு காலை வெர்லின் வந்தான்.

"பிடுங்காதே, லவான். அவன் நம்மகிட்ட பேசுற மாதிரி இருக்கு."

"அவன் இருந்திருந்தா முதல்ல உன்னைத்தான் குனிய வெச்சிருப்பான். வந்ததுதான் வந்தே, குனி."

முதுகு வலி என்றான். ஆனால் சும்மா போகவில்லை. மேலே பூவும் கீழே முற்றிய காயுமாக நின்றதில் ஒரு கட்டு ஒடித்து, வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டான். டெல்மரின் கல்லறைக்காம். அங்கே கொண்டுபோகாதே என்று லவான் கத்தியது வண்டிச் சத்தத்தில் போயிற்று.

டெல்மரைப் புதைத்திருந்த கல்லறைத் தோட்டத்து ஓரம்தான் சுற்றுவட்டாரத்திலேயே ஏர் படாத ஒரே மண், பழைய நாட்டுப் புல் அழியாமல் நின்ற இடம். குன்றுக்கு வேண்டிய புல் விதையையெல்லாம் டெல்மர் அங்கேதான் கையால் உருவிச் சேர்த்தான். அந்தப் புல்லுக்குள் ஒரு குளோவர் கிடையாது. இதுவரை கிடையாது.

லவான் போட்டது போட்டபடி வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். வெர்லின் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். பூக்கட்டைத் தூக்கியதும் காய்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. மண்டியிட்டாள். கடுகைவிடச் சின்ன விதைகளைப் புல்லிடுக்கில் விரலால் தேடித் தேடிப் பொறுக்கினாள். ஆத்திரத்தில் கண்ணீர் வந்து, விதைகளும் சரியாகத் தெரியவில்லை.

தேவாலயம் முடிந்து ஊர்க்காரர்கள் அந்த வழியாக வந்தார்கள். டெல்மரின் தலைமாட்டில் குனிந்து அழுகிறவளைப் பார்த்ததும் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். தொந்தரவு செய்யக் கூடாதென்று சத்தமில்லாமல் விலகி நடந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் குனியவில்லை.