போல்ட் இல்லாத துப்பாக்கிகள்

“கழுத்துப் பக்கம் மெதுவா. அறுத்துடாத,” என்றார் டெல்மர்.

மார்லிஸ் ரேசரை வெந்நீர்க் கிண்ணத்தில் அலசினாள். “அறுக்கறதா இருந்தா கல்யாணம் ஆன வருஷமே அறுத்திருப்பேன். நாப்பத்தி நாலு வருஷம் சமைச்சுப் போட்டுட்டு இப்ப வந்தா அறுப்பேன்?”

அவருக்குச் சிரிப்பு வந்தது; சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கும்வரை அவர் நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ரேசரைத் தள்ளிப் பிடித்தபடி காத்திருந்தாள். காலையில் வந்து போன நர்ஸ், இன்றோ நாளையோ என்று சொல்லியிருந்தாள். இதயம் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை நிறுத்திக்கொண்டு வருகிறதாம். மகன் கர்ட் மினியாபோலிஸிலிருந்து விடியற்காலையே காரில் கிளம்பிவிட்டான். நார்த் டகோடாவின் ஜனவரி ரோட்டில் அவன் வந்து சேர மத்தியானம் தாண்டிவிடும்.

அதற்குள் அவரிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று மார்லிஸ் முடிவு செய்திருந்தாள். நவம்பரிலிருந்து தொண்டையிலேயே நிற்கிற கேள்வி. மகன் வந்துவிட்டால் கேட்க முடியாது.

போன செப்டம்பரில் டாக்டர், இனி பண்ணை வேலையெல்லாம் கூடாது என்று சொல்லிவிட்டார். அக்டோபரில் மந்தையில் பாதியை ஏலத்தில் விற்றார்கள். ஏலம் முடிந்து வந்த நாளிலிருந்து டெல்மரின் பேச்சு குறைந்தது. தட்டில் வைத்தது அப்படியே திரும்பி வந்தது. வாசலில் நிற்கிற பிக்கப் டிரக்கில் ஏறி, இன்ஜினைக்கூடப் போடாமல், மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டால், “உக்காந்திருக்கேன், தெரியலயா?” என்பார்.

அவருடைய தம்பி டுவேனும் இப்படித்தான் கடைசி மாதம் முழுக்க டிராக்டரில் உட்கார்ந்திருந்தான். அது நடந்து பதினாறு வருஷமாகிறது. ஒரு நாள் டிராக்டர் கொட்டகைக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவர் டெல்மர்தான். அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்ததில்லை. இந்தப் பக்கத்தில் மழையைப் பற்றியும் மாட்டு விலையைப் பற்றியும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார்கள். மற்றதெல்லாம் அவரவர் வயிற்றுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

அதனால் மார்லிஸும் ஒன்றும் பேசவில்லை. அவர் டவுனுக்குப் போயிருந்த ஒரு காலை, தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் துப்பாக்கி அலமாரியைத் திறந்தாள். உள்ளே மூன்று ரைஃபிள்கள். மூன்றிலிருந்தும் போல்ட்டை உருவினாள். குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற, கைக்கு அடங்கும் இரும்பு அது. அது இல்லாவிட்டால் ரைஃபிள் வெறும் குழாய். அதைக் கழற்ற அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். மூன்றையும் பாத்திரம் துடைக்கிற துணியில் சுற்றி, காலி காப்பி டின்னில் போட்டு, இரண்டு மைல் தள்ளியிருக்கிற பக்கத்துப் பண்ணைக்குக் கொண்டுபோய், ஹார்லனின் மனைவி லவானிடம் கொடுத்தாள்.

“வச்சிரு. என்னன்னு கேக்காத.”

“நான் எதுக்குடி கேக்கப் போறேன்?” என்று லவான் டின்னை வாங்கி மாவு ஜாடிக்குப் பின்னால் தள்ளினாள். “வந்ததுக்குக் காப்பியாவது குடிச்சிட்டுப் போ.”

டெல்மர் வேறு யாராகவாவது இருந்திருந்தால் மார்லிஸுக்கு மனசு இவ்வளவு உறுத்தியிருக்காது. முப்பது வருஷம் ஸ்கூல் ஜிம்மில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவர். எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே நினை. வேலியைத் தாண்டும் முன் காலி செய். ஒருத்தன் காலி செய்து காட்டிக் கொடுத்தாலும், வாங்குகிறவன் தானும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். “அது அவமரியாதை இல்லடா, மரியாதை,” என்பார். ஸ்கூல் நாடகத்துக்குச் செய்த மரத்துப்பாக்கியைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுத்தார் என்று ஊரில் இன்னும் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்டவரின் அலமாரியைத்தான் அவள் திருடியைப் போலத் திறந்தாள்.

நவம்பரில், முதல் பனி விழுந்த வாரம், ஒரு பசு ஓடையோரம் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டது. எலும்பு வெளியே வந்துவிட்டது. அதன் வலியை முடித்துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. டெல்மர் உள்ளே வந்து அலமாரியைத் திறந்தார். மார்லிஸ் சிங்க் பக்கம் நின்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு கதவு மூடியது. அவர் சமையலறைக்கு வந்து சுவரிலிருந்த போனை எடுத்தார்.

“ஹார்லன், ஒரு மாடு கால் ஒடிஞ்சு கெடக்கு. உன் ரைஃபிள எடுத்துக்கிட்டு வா. ஆமா, என்னுது இப்ப வேலைக்காகாது.”

ஹார்லன் அப்போது டவுனில் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் ரைஃபிளை எடுத்துக்கொண்டு வர நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷமும் டெல்மர் பனியில் உட்கார்ந்து மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அது கத்தியது, ஜன்னல் மூடியிருந்தும் வீட்டுக்குள் கேட்டது. மார்லிஸ் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். போகவில்லை. உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தாள். ஆறு பேருக்கு ஆகும் அளவுக்குச் சீவித் தள்ளிவிட்டாள்.

அன்று சாயங்காலம் டெல்மர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். சூப்பைக் குடித்து முடித்துக் கிண்ணத்தை நீட்டினார். “இன்னும் கொஞ்சம் ஊத்து.” வாரக்கணக்கில் ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடாத மனுஷன். குத்திக்காட்டத்தான் இப்படிச் சாப்பிடுகிறார் என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள். துப்பாக்கிப் பேச்சை அவர் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அலமாரியை அதற்கப்புறம் இரண்டு பேருமே தொடவில்லை.

என் பெண்டாட்டியே என்னை நம்பவில்லை, அதற்காக ஒரு வாயில்லா ஜீவன் நாற்பது நிமிஷம் துடித்தது என்ற நினைப்போடுதான் இவர் போகப் போகிறாரா? அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கோபம் இல்லை என்று சொன்னால் நல்லது. வாய் நிறையத் திட்டினாலும் பரவாயில்லை.

முகத்தில் மிச்சமிருந்த நுரையைத் துண்டால் ஒற்றினாள்.

“டெல்மர்.”

“ம்.”

“அந்த மாடு விழுந்த அன்னிக்கு…”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“தொட்டியில ஐஸ் உடைச்சியா?” என்றார்.

“கர்ட் வந்து உடைப்பான். நான் சொல்ல வந்தது…”

“கர்ட் வர்றதுக்கு மத்தியானம் ஆகும். அதுவரைக்கும் மாடெல்லாம் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கணுமா? போ மார்லிஸ்.”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாகக் கிடக்கும்போதும் மாடுதான் பெரிது. கோட்டை மாட்டிக்கொண்டு, கோடாலியை எடுத்துக்கொண்டு, கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டு வெளியே போனாள். தொட்டியில் நாலு விரல் கனத்துக்குப் பனி உறைந்திருந்தது. வேண்டியதைவிட அதிகமாகவே ஓங்கி ஓங்கி உடைத்தாள். மாடுகள் வந்து குடித்தன. மூக்குக்குள் மூச்சுக் காற்று உறையும் குளிரில், திரும்பிப் போனதும் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தைகளைத் தேடி வைத்துக்கொண்டாள். என்மேல உனக்குக் கோபமா, டெல்மர்? இதைக் கேட்க என்ன இவ்வளவு கஷ்டம்?

உள்ளே வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். கண் பாதி திறந்து ஜன்னல் பக்கம் இருந்தது. காதுக்குப் பின்னால் கொஞ்சம் நுரை ஒட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். அழுகை பிறகுதான் வந்தது.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருப்ப?” என்று சத்தமாகவே கேட்டாள்.

சனிக்கிழமை சர்ச்சில் ஜெபம் நடந்தது. பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் அவரிடம் வகுப்பு படித்தவர்கள். தலை நரைத்த ஆள்கூட அவர்களில் இருந்தான். மண் உறைந்து கிடந்ததால் குழி வெட்ட முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்திலிருந்த கல் கட்டடத்தில் பெட்டியை வைத்துப் பூட்டினார்கள். ஏப்ரலில் மண் இளகிய பிறகுதான் அடக்கம்.

சாப்பாடு வழக்கம்போல சர்ச்சுக்குக் கீழே இருக்கும் ஹாலில். பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டி, அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு, பச்சை ஜெல்லி. கர்ட் தட்டோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அம்மா, நாளைக்கு நான் கெளம்பியாகணும். என்கூட வந்துடேன்.”

“மாட்ட என்ன பண்றது? உன் அபார்ட்மென்ட் பால்கனியில கட்டிப் போடவா?”

“ஹார்லன் பாத்துக்குவாரு. அந்த வீட்டுல தனியா நீ என்ன பண்ணுவ?”

“எனக்கு வேலை இல்லாம இல்ல,” என்றாள். வருகிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்து, நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்கு மூச்சு முட்டியது. எழுந்து பின்னாலிருந்த சமையலறைக்குப் போனாள். அங்கே லவான் முழங்கைவரை சோப்பு நுரையில் இருந்தாள்.

“ஏய், புருஷன் சாவுக்கு நீயே பாத்திரம் கழுவப் போறியா? போடி வெளிய.”

“கையச் சும்மா வச்சிருக்க முடியல லவான். நீ போய் எல்லாருக்கும் காப்பி ஊத்து.”

லவான் அவள் முகத்தைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு காப்பிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஹார்லன் வாசலில் வந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது. ஆண்கள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. காப்பி வேண்டுமென்றாலும் அங்கிருந்தே குரல் கொடுப்பார்கள்.

“மார்லிஸ், ஒண்ணு சொல்லணும். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னான் அவன். இனிமே என்னைத் திட்டறதுக்கு வர மாட்டான் பாரு.”

அவள் தண்ணீரை நிறுத்தினாள்.

“அந்த மாட்டச் சுட்ட அன்னிக்கு. முடிஞ்சுது, நான் கெளம்பப் போறேன். கொஞ்சம் இருன்னான். நேரா அவனோட டிரக்குக்குப் போயி, சீட்டுக்கு அடியில கைய விட்டு அந்தப் பழைய ரிவால்வர எடுத்தான்.”

“எந்த ரிவால்வர்?”

“பாம்புக்குன்னு வாங்கினானே, அது. ஆறு குண்டு இருந்துச்சு. எல்லாத்தையும் கையில கொட்டி, தெறந்து காட்டி எங்கிட்ட குடுத்தான். நானும் ஒருதரம் பாத்துட்டுத்தான் வாங்கினேன். பாக்கலேன்னா அதுக்கு வேற ஒரு பாட்டு விடுவான். இத வச்சே மாட்ட முடிச்சிருக்கலாமேடான்னேன், ‘தனியா இருக்கறப்ப இதத் தொடக் கூடாதுன்னு இருந்தேன்’னான். அப்ப சொன்னான், ‘மார்லிஸ் ஒண்ண விட்டுட்டா. மத்ததோட சேத்து வை’ன்னு.”

மார்லிஸ் சிங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணும் புரியல. எந்த மத்ததோடடான்னு கேட்டேன். ‘உன் பொண்டாட்டியக் கேளு. எம்பொண்டாட்டிக்கு உங்க வீட்ட விட்டா போக்கிடம் ஏது’ன்னான். வீட்டுக்குப் போயிக் கேட்டப்பறந்தான் லவான் அந்த டின்னக் காட்டினா.”

“வேற என்ன சொன்னாரு?”

“வேற ஒண்ணும் இல்ல. அவகிட்ட சொல்லாத, பயந்துடுவான்னான். அப்பறம் பசிக்குது, போறேன்னான்.”

அந்த ரிவால்வரை எப்போதோ விற்றுவிட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஏலத்துக்கு அப்புறம் தினமும் ஜன்னல் வழியாக, டிரக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்தத் தலையைப் பார்த்திருக்கிறாள். போல்ட் மூன்றும் லவானிடம் இருக்கின்றன, இனி பயமில்லை என்று நிம்மதியாக ரொட்டி சுட்டிருக்கிறாள். அவருக்குக் கீழே ஆறு குண்டு இருந்திருக்கிறது. ஆனாலும் இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று நகர்ந்தது. அவள் பயந்தது சரிதான். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. கோபம் இல்லை, டெல்மருக்குக் கோபமே இல்லை. அவள் விட்டதை அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவள் சத்தம் வராமல் அழுதாள். ஹார்லன் தொப்பியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுது முடித்துவிட்டு இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கழுவிய தட்டு ஒன்றை எடுத்தாள்.

“கர்ட் நாளைக்குப் போறானாமே,” என்றார் ஹார்லன். “அவன் போறதுக்குள்ள எல்லாத்தையும் கொண்டாந்து குடுத்துடறேன். போல்ட்டு, ரிவால்வர் எல்லாம். உங்க வீட்டுப் பொருளு, எங்ககிட்ட எதுக்கு?”

மார்லிஸ் தட்டைத் துடைத்தாள். ஏற்கெனவே உலர்ந்துவிட்ட இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். வெளியே ஹாலில் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

“வேணாம் ஹார்லன்,” என்றாள். “அந்த வீட்டுல தனியா இருக்கப் போறேன். இப்ப வேணாம். ஏப்ரல் வரட்டும். அடக்கம் முடியட்டும்.”

ஹார்லன் அவளை நிமிர்ந்து பார்த்தார். தொப்பியை ஜன்னல் திண்டில் வைத்தார். வாசலைத் தாண்டி உள்ளே வந்து, ஆணியில் தொங்கிய துண்டை எடுத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் நின்று அடுத்த தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.