மேற்கு ஜன்னல்

"அங்க வெக்காதீங்கப்பா! ஜன்னலு, ஜன்னலு!" என்று பிலோமி கத்தி முடிப்பதற்குள் நான்கு பேரும் ஐஸ் பெட்டியை மேற்குச் சுவரோரம் இறக்கிவிட்டார்கள். பெட்டிக்கு இடம் விட, திறந்திருந்த ஜன்னலை ஒருவன் முன்பே சாத்திக் கொண்டியைப் போட்டிருந்தான். இன்னொருவன் ப்ளக்கைச் செருகினான். பெட்டி உறுமத் தொடங்கியது. கண்ணாடிக்கு அடியில் ஸ்டானிஸ்லாஸ், ஈஸ்டருக்குத் தைத்த வெள்ளைச் சட்டையில், உதட்டை லேசாகச் சுழித்துக்கொண்டு படுத்திருந்தார். பெண்டாட்டி போடும் சண்டையைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொள்ளும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

காலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் எழுந்து, அந்த ஜன்னலைத் திறந்து, மூவேளைச் செபத்தின் முதல் வேளையைச் சொல்லி முடித்துக் கட்டிலில் உட்கார்ந்தவர்தான். பிலோமி டீ கொண்டுவந்து, "புடிய்யா, சுடுது" என்று இரண்டு தரம் சொன்னாள். மூன்றாவது தரம் சொல்லும்போது அவள் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலிருந்தது.

அடக்கம் நாலு மணிக்கு. அதனால் மாலை மணி அவருக்கு இந்த வீட்டில் இல்லை. மதிய மணி ஒன்றுதான் பாக்கி. அந்த ஒரு வேளையாவது அவர் பக்கத்தில் நின்று, ஜன்னலைத் திறந்து வைத்து, செபத்தைச் சொல்லி அனுப்பிவிட வேண்டும். அழுகையை எல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"சாவியோ, பொட்டிய அந்தாண்ட தள்ளு. ஜன்னலு தொறக்கணும்."

மகன் சாவியோவுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ம்மா, ப்ளக் பாயிண்ட் இங்க ஒண்ணுதான் கீது. ஒயரு எட்டாது. டெகரேஷன்காரன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எட்தாறேன்னு போயிகீறான், வரட்டும்."

"அவன் எப்ப வர்றது? மணி அடிச்சிரப் போவுது."

"இன்னிக்கு ஒரு நாளு ஜன்னலத் தொறக்காட்டி இன்னாம்மா?"

சாதாரண ஜன்னலாக இருந்தால் வெளிப்பக்கம் திறந்துகொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் சந்தில் தண்ணீர்த் தொட்டி கட்டியபோது, ஸ்டானிஸ்லாஸ் தச்சரைக் கூட்டிவந்து கதவை உள்பக்கம் திறக்கும்படி மாற்றியிருந்தார். இப்போது அதற்குக் குறுக்கே பெட்டி நின்றது. திறந்தால் தொட்டியின் பாசிதான் தெரியும். காற்றும் வராது, கொசு மட்டும் தவறாமல் வரும். ஆனாலும் மூன்று வேளையும் திறப்பார்.

எல்லாம் பிலோமி ஆரம்பித்துவைத்தது. கல்யாணமான புதிதில் ஸ்டானிஸ்லாஸ் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல்வரை வந்துவிட்டு, பிரசங்கம் முடிகிறவரை டீக்கடையில் நிற்கிற ரகம். அவளோ பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் மறைக்கல்வி டீச்சர். சாவியோ கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு அரபு நாட்டு சிமெண்ட் கம்பெனியில் வெல்டர் வேலை வந்தது. அங்கே கோயில் கிடையாது, கழுத்தில் சிலுவை போடக்கூடாது, நாலு பேர் கூடி ஜெபம் பண்ணக்கூடாது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். இங்கேயே டீக்கடையில் நிற்கிற மனுஷன் அங்கே போய் என்ன ஆவாரோ என்று அவளுக்குப் பயம். பெட்டி கட்டிக்கொண்டே தானியேல் கதையைச் சொன்னாள்.

"அவனும் வேத்து ராஜா ஊர்லதான் வேல செஞ்சான். ராஜாவே மெச்சிக்கிற மாரி செஞ்சான். ஆனா கும்புடுறது யாரன்றதுல மட்டும் ராஜா பேச்ச கேக்கல. ஜெருசலேம் பக்கமா ஜன்னலத் தொறந்து வெச்சிகினு தெனம் மூணு வேள முட்டி போட்டான். சிங்கத்துகிட்ட போட்ருவேன்னு சட்டம் போட்டாங்க. அப்பவும் மூடல."

"எனக்கு ஜெருசலேம் எந்தப் பக்கம்னு இன்னாடி தெரியும்?"

"உனக்கு நம்ம ராயபுரம்தான் ஜெருசலேம். நீ கெழக்கால தொற. நான் இங்க மேற்கால தொறக்கிறேன்."

அப்படியே நடந்தது. இங்கே மணி அடித்ததும் அவள் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ராத்திரி பேசும்போது, "தொறந்தியா?" என்பாள். "தொறந்தேன் டீச்சரம்மா" என்பார். அவள் மறைக்கல்வி வகுப்பில் தானியேல் பாடம் வந்தாலே தலை நிமிர்ந்துவிடும். "தானியேல் ஒளிஞ்சிகினு கும்புடல புள்ளைங்களா. எங்க வூட்டுக்காரரும் அங்க ஜன்னலத் தொறந்துதான் வெச்சிகீறாரு" என்பாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் எத்தனையோ பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். வேலையை விட்டு அவர் திரும்பி வந்தபிறகும் ஜன்னல் நிற்கவில்லை. "அதான் வந்துட்டியே, இன்னும் இன்னாத்துக்கு மேற்கால?" என்று கேட்டதற்கு, "அங்க இன்னும் கூட வேல செஞ்ச பசங்க கீறாங்க பிலோமி" என்றார்.

மாடியிலிருந்து ஜீனத் ஃப்ளாஸ்கில் டீயோடு இறங்கி வந்தாள். பிலோமிக்குப் பல வருஷ சிநேகிதி. டம்ளரை அவள் கையில் திணித்து, "நீ குடிக்காம நான் போவ மாட்டேன்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பிலோமி ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி ஜன்னலுக்கு வந்தாள்.

"சாவியோ, நாலு பேரக் கூப்டு. பொட்டியோட தூக்கித் திருப்புங்க."

"தூக்குனா ப்ளக்கு புடுங்கிக்கும்மா! வெயிலு வேற..."

அப்போதுதான் ஆன்றோ உள்ளே வந்தார். நாகர்கோவில்காரர். அரபு நாட்டில் ஸ்டானிஸ்லாஸோடு ஒரே அறையில் இருந்தவர். இப்போது தண்டையார்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி, குடம் மொத்த வியாபாரம். மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, கண்ணாடிமேல் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றார். சண்டை என்னவென்று சாவியோவிடம் கேட்டுக்கொண்டு, சமாதானம் பண்ணுகிற அவசரத்தில் சொல்லிவிட்டார்.

"அக்கா, இதுக்கா இந்தப் பாடு? அங்க உள்ள ரூம்ல ஜன்னலா இருந்துச்சி? அண்ணன் பீரோவத் தொறந்து வச்சில்லா ஜெபம் பண்ணுவாரு."

சொன்னபிறகுதான் பிலோமியின் முகத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஜன்னலு இல்லியா?"

"ஏஸி வைக்கதுக்கு ஒரு ஓட்டை உண்டும். அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு தகர பீரோ. உங்க மிஸ்டு கால் வந்ததும் அதத் தொறந்து, தலைய உள்ள விட்டுக்கிடுவாரு. வேலையில நிக்கும்போது கால் வந்தா ஹெல்மெட்டக் கழத்தி, மொகத்த அதுக்குள்ள வச்சிக்கிடுவாரு. மேஸ்திரி வேர்வை தொடைக்காருன்னு நெனப்பான்."

தினமும் ராத்திரி ஒரு பொய். தொறந்தேன் டீச்சரம்மா, தொறந்தேன் டீச்சரம்மா. இவள் இங்கே அத்தனை பிள்ளைகள் முன்னால் மார்தட்டிக்கொண்டிருக்க, அவர் அங்கே தகரப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒளிந்திருக்கிறார். செத்துக் கிடக்கிற மனுஷன்மேல் கோபம் வருகிறதே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் வந்தது.

"ஒளிஞ்சிகினாரா?" என்றாள்.

ஆன்றோ நிமிர்ந்தார். "அத மட்டும் சொல்லாதீங்கக்கா. ஒருநா கேம்ப் சூப்பர்வைசர் திடீர்னு சோதனைக்கு வந்துட்டான். அண்ணன் தலை பீரோவுக்குள்ள. என்ன பண்ணுகான்னு கேட்டான். தலைவலி மருந்து தேடுகாருன்னு நான் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அண்ணன் தலைய வெளிய எடுத்து, 'பிரேயர், சார்'ன்னுட்டாரு. தலைவலின்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கலாம், பாத்துக்கிடுங்க. அந்தக் கோடை பூரா அவரத் தூக்கி சூளைப் பக்கம் போட்டாங்க. சிமெண்ட் வேகுத சூளை. பக்கத்துல போனா இமை முடி கருகும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வேலைய ஒழுங்காச் செய்தாரு. ரூமுக்கு வந்ததும் பீரோவத் தொறந்தாரு. நாங்களும் ரெண்டு மூணு பேரு நம்ம நம்ம பீரோவத் தொறக்க ஆரம்பிச்சோம்."

பிலோமிக்கு அந்த வருஷம் நினைவிருந்தது. லீவில் வந்தவரைப் பார்த்து, "இன்னாய்யா, கரிக்கட்ட மாரி வந்து நிக்கிற?" என்று வாசலிலேயே சிரித்தாள். அவரும் சிரித்தார். புருவத்தில் பாதி இல்லை. அங்கே வெயில் ஜாஸ்தி என்றார். அவள் நம்பி, போகும்போது பெட்டியில் நாலு தேங்காயெண்ணெய் பாட்டில் வைத்து அனுப்பினாள்.

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"'டீச்சரம்மாவுக்குத் தெரிஞ்சா மார்க்கக் கொறச்சிரும்டே'ன்னு சிரிப்பாரு."

பிலோமிக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் ஒரே அறையில் குடித்தனம் பண்ணி, இந்த மனுஷன்மேல் இதற்குமேல் ஆசைப்பட இடமில்லை என்று நினைத்திருந்தாள். இடம் இருந்திருக்கிறது.

கோயில் மணி அடித்தது.

சாவியோ பதறி எழுந்தான். "ம்மா, இரு, நாங்க தூக்குறோம். ஆன்றோ மாமா, அந்தாண்ட புடிங்க."

"வுடு சாவியோ. அப்பாவ அலைக்கழிக்காத."

மூலையில் அவர்களுடைய பீரோ இருந்தது. பிலோமி சாவியைத் திருப்பி அதைத் திறந்தாள். கதவு எப்போதும்போல் கிறீச்சிட்டது. மேல்தட்டில் அவர் சட்டைகள், அவரே மடித்தவை, காலர் எல்லாம் ஒரே பக்கம். அவள் முழங்காலில் நிற்கவில்லை. நின்றபடியே தலையை உள்ளே நுழைத்து, நெற்றியைச் சட்டைகளின்மேல் வைத்துக்கொண்டாள். பாச்சை உருண்டையும் சலவை சோப்பும் கலந்த வாசனை. உள்ளேயிருந்து செபம் முணுமுணுப்பாகத்தான் வெளியே வந்தது. ஆன்றோ பின்னால் நின்று பதில் செபம் சொன்னார். சாவியோ முதலில் வெறுமனே நின்றான், பிறகு அவனும் சேர்ந்துகொண்டான். ஜீனத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

செபம் முடிந்தும் பிலோமி தலையை எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. யாரும் கிட்டே போகவில்லை.

நாலு மணிக்கு வேன் வந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்போதுதான் வந்தது. அவரைச் சவப்பெட்டிக்கு மாற்றி, வாசலில் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்ததும் தூக்கினார்கள். கூட்டம் பின்னாலேயே நகர்ந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நின்ற ஜீனத், கீழே கிடந்த பூக்களை ஒதுக்கிவிட்டு, திறந்து கிடந்த பீரோவைச் சாத்தப் போனாள்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பிலோமி வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"அத்த மூடாத ஜீனத். சாயந்தர மணி இன்னும் அடிக்கல."