மணலுக்கு அடியில் ஓர் அடுப்பு

தை பிறந்த பிறகுதான் புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்ட முடிந்தது. வாழவந்தி மலைக்கிராமத்துக்குக் கீழே ஆறு வளையும் சமதரையில், பழைய வீடு நின்ற அதே இடத்தில். ஐப்பசி வெள்ளம் அந்த வீட்டையும் உள்ளே தூங்கிய கணவன் லூர்துராஜையும் கொண்டுபோனபோது, தெரசம்மாள் சேலத்தில் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். உடல் கிடைக்கவில்லை. அதனாலேயே இந்த மண்ணை விட்டு நகர மாட்டேன் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓடும் சிமெண்டும் வந்து இறங்கியிருந்தன. கொழுந்தன் சூசைமாணிக்கத்துக்கு ஒரே உற்சாகம்.

"பஸ் நிக்கிற எடம், தண்ணி பக்கம். மண்ணு மெத்தையாட்ட இருக்குதுங்க அண்ணி."

"மெத்தைன்னுதான் உங்கண்ணனும் படுத்தாரு."

அவளே மண்வெட்டியை வாங்கிக் குழிக்குள் இறங்கினாள். மேலே கருவண்டல். அதன் கீழே வெள்ளை மணல். மறுபடி கருமண், அதற்கும் கீழே உருண்டைக் கற்களோடு மணல். குழியின் சுவரைத் தடவிப் பார்த்தாள். ஐப்பசியில் வீடு இருந்த இடத்தை மூடிய மணலும் இதே மணல்தான். ஆறு ஒவ்வொரு முறையும் தன் படுக்கையை இங்கேதான் விரித்திருக்கிறது.

இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி 'ணங்' என்றது. கையால் விலக்கினாள். கூட்டிவைத்த மூன்று கல். நடுவே சாம்பல், கரி பிடித்த பானை ஓடு. லூர்துராஜும் அவளும் குடிவந்தபோது இங்கே வெறும் நாணல்தான் இருந்தது.

மேட்டில் ராகிக்காடு வைத்திருந்த கண்ணாயி சத்தம் கேட்டு இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது எங்காளுக வெச்ச அடுப்பாட்டல்ல இருக்குது! மொதமொத மலையேறி வந்தவங்க தண்ணி ஓரமாத்தான் குந்தியிருப்பாங்க."

"அப்பறம் எங்க போனாங்க?"

"எங்கூட்டுக்காரரு மேட்டுல ஏரோட்டறப்பெல்லாம் ஓட்டாஞ்சில்லா வரும். பாறை மேல இத்தன பானையை எவ ஒடச்சான்னு நானே வஞ்சிருக்கறேன்." கண்ணாயி ஆற்றையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏறி ஓடியிருக்காங்க."

தெரசம்மாள் அந்தச் சாம்பலை வெகுநேரம் பார்த்தாள். இந்த அடுப்பை மூட்டியவளுக்கும் ஆற்றில் யாராவது போயிருக்கலாம். ஆனாலும் அவள் மேட்டுக்கு ஏறிவிட்டாள்.

"கண்ணாயி, அந்தப் பாறை மேட்டை எனக்குக் குடு. இந்த வண்டலை நீ எடுத்துக்க. வாழை வெச்சா நல்லா வரும்."

"நெசமாவா சொல்றீங்க? எனக்கு நொம்ப லாபமுங்களே!"

சூசைமாணிக்கத்தின் முகம் சிவந்தது. "அண்ணன் கடைசியா மூச்சு உட்ட எடமுங்க இது. இதைப் போயி பாறைக்கு மாத்தறீங்களா?"

அந்தச் சொல் சரியான இடத்தில் குத்தியது. தெரசம்மாள் குழியின் விளிம்பைப் பிடித்து மேலே ஏறினாள்.

"உங்கண்ணன் இங்க இல்ல மாணிக்கம். ஆறுதான் இருக்குது."

அவன் மேட்டை அண்ணாந்து பார்த்தான். "அங்க தண்ணிக்கு என்னங்க பண்ணுவீங்க?" என்றான்.

"சுமக்கறேன்."

"பாறையில எப்படிங்க கடைக்கால் தோண்டறது?"

"எதுக்குத் தோண்டோணும்? பாறை மேலயே வெச்சுக் கட்டு."

முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தாள். கண்ணாயி கூரை ஓடுகளை எடுத்து அதன்மேல் அடுக்கிவிட, தெரசம்மாள் மேட்டைப் பார்த்து நடந்தாள்.