தீர்ப்பை டைப் அடித்தவள்

தொண்ணூற்றொன்றாம் வருசம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்டத் தலைமை நீதிபதி ராஜரத்தினத்துக்கு ஸ்டெனோவாக இருந்தாள் கிருபாபாய். மில் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த சமுத்திரம் என்பவரைக் குத்திக் கொன்ற வழக்கில் மறுநாள் தீர்ப்பு. நீதிபதி சொன்னதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, டைப் அடித்து, கார்பன் தாளோடு அவர் பீரோவில் பூட்டிவிட்டுத்தான் ராஜபாளையம் பஸ் ஏறினாள்.

வீட்டில் மில் மேனேஜர் வீரணன் உட்கார்ந்திருந்தார். அந்த மில்லில்தான் அவள் புருசன் பொன்னுராஜ் பிட்டர். கொலை வழக்கில் சிக்கி ஜாமீனில் இருப்பவன் மில் முதலாளியின் மச்சான்.

"ஒத்த வார்த்தைதான் தங்கச்சி. தண்டனையா, விடுதலையா?"

"கோர்ட்டுல ஐயா வாசிக்கையில தெரியும்ண்ணே."

வீரணன் சிரித்தார். "விடுதலைன்னா இந்நேரம் சொல்லியிருப்பீக. சொல்லாம இருக்கதும் ஒரு பதில்தான். காலைல ஆறு மணிக்கு வாரேன், யோசிச்சு வைங்க." எழுந்தவர் பொன்னுராஜ் தோளில் கை வைத்தார். "நாளைக்கு ஷிப்ட்டுக்கு வரணும்லா?"

அவர் போனதும் பொன்னுராஜ் கதவைச் சாத்தினான். "ஏட்டி, எங்கிட்டயாவது சொல்லு."

"சொன்னா உங்க மூஞ்சியே அவருகிட்டச் சொல்லிரும்."

அவள் சோத்துத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு யோசித்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால், தண்டனைதான் என்று தெரிந்து முதலாளியின் மச்சான் ஓடிவிடுவான். விடுதலை என்று பொய் சொன்னால் நம்பி வந்து நிற்பான். ஆனால் பொய்யோ மெய்யோ, நீதிபதி வாய் திறக்குமுன் தான் திறப்பது எப்படிச் சரியாகும்?

வீரணன் வருமுன் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து, நேரே நீதிபதியின் பங்களாவுக்குப் போனாள். ராஜரத்தினம் முழுசும் கேட்டார்.

"புருசன்கிட்டச் சொன்னியாம்மா?"

"இல்லைய்யா."

"நான் எப்படி நம்புறது?"

கிருபாபாய்க்குக் காது சூடேறியது. "நம்ப வேண்டாம்யா. மொதல்ல அந்தாளு தப்பாமப் பாருங்க. பொறவு என்னை என்ன வேணாலும் கேளுங்க."

அவர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். அவள் நடந்ததை எழுதி முடிப்பதற்குள் போலீஸ் சூப்பிரண்டுக்குப் போன் பேசிவிட்டார்.

பத்தரைக்குக் கோர்ட்டில் டவாலி மூன்று தடவை அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆள் வரவில்லை. கடைசி பெஞ்சில் சமுத்திரத்தின் பெண்டாட்டி இருளம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிருபாபாயால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. பதினொன்று ஆனது. பன்னிரண்டும் ஆனது. ஒரு மணிக்கு முன்னால் போலீஸ் ஜீப் வந்து நின்றது. மம்சாபுரம் பக்கம் ஒரு மாந்தோப்பில் வைத்துப் பிடித்திருந்தார்கள்.

ஆயுள் தண்டனை. இருளம்மாள் அழவில்லை. முன்னால் இருந்த பெஞ்சில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள்.

சாயங்காலம் நீதிபதி கூப்பிட்டார். "எழுதிக்கோம்மா" என்று ஓர் உத்தரவு சொன்னார். தீர்ப்பு முன்கூட்டி வெளியே போனதா என்று விசாரணை நடக்கும். அதுவரை ஸ்டெனோ கிருபாபாய் நகல் பிரிவில் இருக்க வேண்டும்.

அவள் பென்சில் நின்றது.

"எனக்கு உன்மேல சந்தேகமில்ல. ஆனா நாளைக்கு அப்பீல்ல எவனும் இந்தத் தீர்ப்பைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது. இந்த நாற்காலியில இருந்துக்கிட்டு வேற மாதிரி செய்ய முடியாதும்மா."

தன்னை இறக்கிவைக்கும் உத்தரவை அவளே டைப் அடித்தாள், ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

பொன்னுராஜை மில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து சோழபுரத்தில் ஒரு பருத்தி ஜின்னிங் பேக்டரியில் சேர்ந்தான். விசாரணையில் அவள் மேல் குற்றமில்லை என்று முடிவாவதற்குள் ராஜரத்தினம் மாறுதலாகிப் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் கிருபாபாய் கடைசி வரிசையில் நின்றாள். அவர் மேல் இருப்பது கோபமா மரியாதையா என்று அவளுக்கே தெரியவில்லை.