நாச்சியாரின் முதற்பிடி

கண்டாவளைக் குடியேற்றத்துக்கு அரசாங்க மருத்துவிச்சியாக வந்த விமலேஸ்வரியை முதல் வாரத்திலேயே ஊர் முழுவதும் வந்து பார்த்துவிட்டது. வேலைக்கு மட்டும் ஒருவரும் அழைக்கவில்லை.

அவள் பழைய வன்னியனார் வழியில் வந்தவள்; ஊருக்கு அவள் நாச்சியார். முன்னோர் ஆண்ட காடும் குளமும் எப்போதோ கைமாறிவிட்டன. எஞ்சியிருந்த அரசுரிமை ஒன்றே ஒன்று: அம்மன் கோவிற் பொங்கலில் முதற்பிடி அரிசியைப் பானையில் இடுவது.

ஆட்சி அழிந்தாலும் அதை வேடிக்கை பார்க்கும் ஆவல் அழிவதில்லை! நாச்சியார் தானே தண்ணீர் அள்ளுவாரா? மீன் தின்பாரா? சைக்கிள் ஓடும்போது சேலையை எப்படி இடுக்கிக்கொள்வார்? வேலியோரம் நின்று பெண்கள் ஆராய்ந்தார்கள்.

“தலையைத் தானேதான் சீப்பாலை இழுக்கிறா, நான் கண்டனான்.”

“போடி பொய்க்காரி! அப்ப நாச்சியாருக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?”

“அவாவின்ரை தலையிலை பேன் இல்லை.”

பிள்ளைப்பேறு நடக்கும் வீடு தீட்டு வீடு. ஊர்வழக்கில் துடக்கு வீடு. துடக்குப் பட்ட கை முதற்பிடி இடலாகாது. ஆகவே தாய்மார் இரத்தம் பெருகிச் சாகலாம். நாச்சியாரின் விரல்கள் மட்டும் நனையக் கூடாது! எந்த அம்மன் கேட்டாள் இந்த நீதியை? மேலிடமோ, வேலையற்றிருக்கும் மருத்துவிச்சியைப் பொங்கல் கழிந்ததும் வேறூருக்கு அனுப்பிவிடுவதாக அறிவித்திருந்தது.

பொங்கலன்று முற்பகல், சனத்திரளின் நடுவே, கையில் அரிசியுடன் அவள் பானையருகே நின்றாள். பால் இன்னும் பொங்கவில்லை. அப்போது வயல் செய்யும் ஏரம்பு என்ற கமக்காரன் ஓடிவந்து கோவில் மணியகாரர் சிற்றம்பலத்தின் முன் மூச்சிரைத்தான்.

“ஐயா, வண்டில் ஒண்டு தாங்கோ. என்ரை மனிசி இரஞ்சிதத்துக்கு ராத்திரி தொட்டு நோ. பிள்ளை வருகுதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்.”

மருத்துவிச்சி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள். அவனோ வண்டில் கேட்கிறான்!

“எனக்குச் சொல்ல வேண்டியதை ஏன் அவருக்குச் சொல்லுறியள்?” என்றாள் விமலேஸ்வரி.

ஏரம்பு நிலத்தைப் பார்த்தான். “உங்களை... எப்பிடி, நாச்சியார்?”

“போகாதேங்கோ!” சிற்றம்பலம் குறுக்கே வந்தார். “துடக்கு வீட்டை போனால் முதற்பிடி போடேலாது. ஊர் என்ன சொல்லும்?”

“பிறகு சொல்லட்டும். இப்ப வழியை விடட்டும்.”

அரிசியைச் சுளகிலே கொட்டிவிட்டு அவள் நடந்தாள். ஊர் என்ன செய்தது? அம்மனையும் பானையையும் மணியகாரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே புறப்பட்டது! நாச்சியார் பேறு பார்ப்பதைக் காணும் வாய்ப்பு மறுபடி வாய்க்குமா?

ஏரம்புவின் வேலி சனத்தின் பாரத்தில் சாய்ந்தது.

“சுடுதண்ணி கேக்கிறா.”

“சோப்புப் போட்டுக் கை கழுவுறா. முழங்கை வரைக்கும்!”

“சத்தம் போடாதேங்கோடி!”

உள்ளே இரஞ்சிதத்தின் ஓலம் உயர்ந்தது. சற்றுநேரம் வெறும் முனகல். பின்னர் சீறியெழுந்தது குழந்தையின் அழுகை. ஏரம்பு வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

கைகளைத் துடைத்தபடி விமலேஸ்வரி வெளியே வந்தாள். சேலையில் இரத்தம். கூட்டம் தன்னையறியாமல் ஒதுங்கி வழிவிட்டது. ஊர் பின்தொடர அவள் கோவிலுக்குத் திரும்பி நடந்து, எல்லைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள்:

“ஐயா, முதற்பிடியை ஆரைக்கொண்டு போடப்போறியள்?”

வேர்த்து விறுவிறுத்த சிற்றம்பலம் அகப்பையோடு திரும்பினார். “ஆரைக்கொண்டோ? எல்லாரும் ஓடிப்போட்டியள், பால் பொங்கி அடுப்பு அணையப் பாத்துது. நானே போட்டிட்டன். அதுவும் வேகுது.”

ஊர் பானையை எட்டிப் பார்த்தது. சோறு சோறாகத்தான் வெந்துகொண்டிருந்தது.

கூட்டத்திலிருந்து பத்மாசனி, நிறைவயிற்றுக்காரி, மெல்ல முன்னே வந்தாள். வேறூர்களில் மருத்துவிச்சிமாரை எல்லாரும் அழைக்கும் சாதாரணச் சொல், இந்த ஊரில் முதன்முறையாக அவள் வாயிலிருந்து வந்தது.

“மிஸ்ஸி, எனக்கும் வாற மாசம். கூப்பிட்டால் வருவியளோ?”

“கூப்பிட முதலே வாறன். வீடு எது, காட்டும்.”

பத்மாசனி கையை நீட்டினாள். அரிசி வேகும் வாசத்தை விட்டுவிட்டு, ஊர் மறுபடியும் அவர்கள் பின்னே நடந்தது.