கனூன் வயிற்றடியில் சோடா மூடிகள்

வட தாய்லாந்தில் எங்கள் லம்பாங் குளிரைப் பற்றி என்னிடம் கேளுங்கள். டிசம்பரில் சேவல் கூவ ஆரம்பித்தால் பாதியில் குரல் உறைந்துபோகும். மீதியை மத்தியானம் வெயில் வந்த பிறகுதான் கூவும். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான், பொய் சொல்ல மாட்டேன்.

அந்தக் குளிரில்தான் தவோனுக்குக் குடல் புற்றுநோய்க்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தவோன் இன்ஜின் ஓட்டியவன். நான் அதே வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடி ஆட்டியவன். ஓய்வுக்குப் பிறகு அவன் வீட்டு வாசலில் கட்டம் வரைந்த சிமெண்ட் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தோம். காய்கள், சோடா மூடிகள். நிமிர்ந்தவை அவனுக்கு, கவிழ்ந்தவை எனக்கு. அவனிடம் நான் தோற்ற ஆட்டங்களை அடுக்கினால் பாங்காக் வரை தண்டவாளம் போடலாம்.

அந்த மருந்துக்கு ஒரு கெட்ட குணம். சில்லென்ற எதைத் தொட்டாலும் விரலெல்லாம் முள்ளாகக் குத்தும். அன்று தவோன் ஒரு மூடியைத் தொட்டான். "ஐயோ!" என்று உதறினான் பாருங்கள், மூடி பர்மா எல்லையில்தான் விழுந்திருக்கும்.

"கையுறை மாட்டிக்கடா."

"மாட்டினா ரெண்டு மூடி சேர்ந்து வருது. உடனே நீ கள்ளாட்டம்னு கத்துவே."

"சரி, நீ சொல்லு, உன் காயையும் நானே நகத்தறேன்."

"உன் கையில என் காயா? அதுக்குச் சாகலாம்." சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவன் சிரிப்பை விட்டான். "வெள்ளிக்கிழமை ஊசிக்கு நான் போகலடா. ஒரு சோடா மூடியத் தொட முடியாத கை எதுக்கு?"

கதவோரம் நின்ற அவன் மனைவி லம்யாய் உள்ளே போய்விட்டாள். கட்டி சுருங்கி வருகிறது, பாதியில் நிறுத்தினால் பட்டதெல்லாம் வீண் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார்.

அப்போது கனூன் வந்தது. பலாச்சுளை நிறத்துத் தெருநாய். யாருக்கும் சொந்தமில்லை, அதனால் குளிர்காலத்தில் ஆளாளுக்குப் பழைய சட்டையை மாட்டிவிடுவோம். அந்த வருடம் ஏழு சட்டை போட்டிருந்தது. மேலே இருந்தது என் பழைய யூனிஃபார்ம். அது தெருவில் நடந்தால் பெரியவர்கள் எழுந்து நிற்பார்கள்.

நான் எழப்போய், என் தொப்பை இடித்து மூடிகள் எல்லாம் கொட்டின. கனூன் அவற்றின் மேலேயே படுத்துக்கொண்டது. உருட்டினேன், மிரட்டினேன், அசையவில்லை.

"தள்ளுடா, மூட்டை," என்று தவோன் குனிந்து அதன் வயிற்றடியில் கைவிட்டான். நான் அடுத்த "ஐயோ"வுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மூடியை உள்ளங்கையில் பொத்தி, கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

"சூடா இருக்குடா."

மறுபடி கையை உள்ளே விட்டான். எடுக்கவில்லை. கனூன் பெருமூச்சு விட்டு அவன் மணிக்கட்டை நக்கியது. அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நான் தெருவைப் பார்த்தேன். தெருவில் ஒன்றுமே இல்லை. அதையே கவனமாகப் பார்த்தேன்.

பிறகு ஆடினோம். ஆறிய மூடிகளை நாயின் அடியில் செருகி, சூடானதை எடுத்து, எது எங்கே இருந்தது என்று சண்டை போட்டு, சாயங்காலம் வரை ஒரே ஆட்டம். தோற்றது யார் என்று கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை என் பிக்கப் வண்டியை அவன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"நான் வரலன்னு சொன்னேன்ல?"

"உன்ன யாரு கூப்பிட்டா?" என்று வண்டிக் கதவைத் திறந்தேன். கனூன் தாவி ஏறிச் சீட்டில் உட்கார்ந்தது. லம்யாய் கூப்பிட்டாள், இறங்கவில்லை.

"இருங்க, நான் எறக்குறேன்," என்று தவோன் ஏறினான். நாய் அவன் மடியில் தலையை வைத்தது. அவன் அங்கேயே உட்கார்ந்தான். அவன் சட்டைப்பை கலகலவென்றது.

"என்னடா அது?"

"மூடிதான். வாயப் பாக்காம வண்டிய எடு."

லம்யாய் கம்பளியோடு ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குள் நாயை விடவில்லை. யூனிஃபார்மைக் காட்டி, இவர் ஸ்டேஷன் மாஸ்டர் என்று சொல்லிப் பார்த்தேன், காவலாளி நம்பவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, தவோன் கொடுத்துவிட்டுப் போன மூடிகளை அதன் வயிற்றடியில் வைத்துக்கொண்டு, நானும் கனூனும் வண்டியிலேயே இருந்தோம்.

மாலையில் லம்யாய் தோளைப் பிடித்துக்கொண்டு தவோன் வந்தான், சாம்பல் முகத்தோடு. ஏறி உட்கார்ந்து, ஏழு சட்டைக்கு அடியில் இரண்டு கையையும் நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டான். நாய் மூச்சு விட, அவன் கைகளும் ஏறி இறங்கின.

நான் மடியில் கட்டம் போட்ட அட்டையை விரித்தேன். வெகுநேரம் கழித்து ஒரு மூடி வெளியே வந்தது.

"நாய ஏத்த சீட்டுக்கடியில சுட்ட பன்னிக்கறி ஒளிச்சு வெச்சவனே," என்றான், கண்ணைத் திறக்காமல். "உன் காயை அடுக்குடா."