பொன்னையாவின் சிரிப்பு

ஹபீலுக்கு எவருடைய குரலும் வந்துவிடும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் அவனுடைய வாப்பாவுக்குப் புடைவைக் கடை. சின்ன வயதில் கடை மூலையில் உட்கார்ந்துகொண்டு, சீத்தைத் துணிக்கு விலை பேசிவிட்டு வாங்காமல் போகிறவர்களை, அவர்கள் படி இறங்குவதற்குள் அதே குரலில் பேசிக் காட்டுவான். வாப்பா அடிக்கக் கையை ஓங்கிவிட்டுச் சிரித்துவிடுவார். கண்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு ஆசிரியர்கள் அகப்பட்டார்கள். இடைவேளையில் அவன் வாயைத் திறந்தால் வேறு வகுப்புப் பையன்களும் ஜன்னலில் வந்து தொங்குவார்கள்.

ஆனால் அவனிடம் இருந்தது குரல் மட்டும்தான். அந்தக் குரல்களுக்குப் பேச்சு கொடுத்தவன் பொன்னையா. மஹய்யாவக்காரன், நகரசபையில் கூலி வேலை பார்த்த கறுப்பையாவின் ஒரே மகன், உபகாரச் சம்பளத்தில் படித்தவன். ஒருமுறை இன்ஸ்பெக்டர் துரை வகுப்பைச் சோதிக்க வந்திருந்தபோது ஜன்னல் வழியாகக் குரங்கொன்று குதித்து அவருடைய தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது. எல்லோரும் உறைந்து நின்ற நேரத்தில் பொன்னையா எழுந்து மிகுந்த பணிவோடு, அது போன வருஷம் சோதனையில் தவறிய பையன் என்றும் பெயரை வெட்டிய பிறகும் வருவதை நிறுத்தவில்லை என்றும் சொன்னான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பு விக்கல் எடுப்பதுபோல முதலில் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் பிடிவிட்ட கிணற்று ராட்டினம்போல் கடகடவென்று ஓடும். அதைக் கேட்டவன் எவனும் சிரிக்காமல் இருக்க முடியாது. இன்ஸ்பெக்டரே சிரித்தார்.

மலேரியா வந்த வருஷம், விடுமுறைக்குக் கடுகண்ணாவைக்குக் கீழே மாமன் வீட்டுக்குப் போன பொன்னையா காய்ச்சலோடு திரும்பினான். காய்ச்சல் வீடுகளுக்கு ஒருவரும் போகக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் உத்தரவு. தைப்பொங்கலுக்கு முன்பே அவனை மஹய்யாவ மயானத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள்.

அடுத்த மார்கழியில், சீனியர் சோதனை எழுதி முடித்து வகுப்புக் கலைகிற நாளில் பிரியாவிடை வைத்தார்கள். வேடிக்கைப் பேச்சு ஹபீலுடையது. மண்டபத்தில் பிற்பகலிலேயே விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஹந்தானை மலையிலிருந்து இறங்கிய மூட்டம் ஜன்னல் கண்ணாடிகளை வெள்ளைத் துணிபோல் மூடியிருந்தது. முன்வரிசைக் கதிரைகளில் வெள்ளைக்காரத் தலைமையாசிரியரும் மற்ற ஆசிரியர்களும் இருந்தார்கள். பையன்கள் கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹபீல் பழைய கதைகளை எடுத்தான். குரங்குக் கதையைச் சொன்னான். ரசாயன வகுப்பில் பாரூக்கின் துருக்கித் தொப்பிக் குஞ்சம் அமிலத்தில் விழுந்து, அவன் மொட்டைத் தொப்பியோடு ஜும்ஆத் தொழுகைக்குப் போன கதையைச் சொன்னான். பிறகு கணக்கு வாத்தியார் ராஜலிங்கம் மாஸ்டரைப்போல மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அவருடைய யாழ்ப்பாணத் தமிழில் தன்னையே திட்டிக்கொண்டான்: "ஹபீல், உமக்குத் தலை எண்டு ஒண்டு இருக்கிறது யோசிக்கவோ, இல்லைத் தொப்பி காயப்போடவோ?" மாஸ்டரே குலுங்கிச் சிரித்தார்.

அவன் இறங்கப்போன சமயத்தில் பாரூக் பின்னாலிருந்து, "மச்சான், பொன்னையாவ ஒருக்கா செய்" என்றான்.

பிறகு இன்னொருவன் கேட்டான். அப்புறம் எல்லோருமே கேட்டார்கள். ஹபீலுக்கு மனம் வரவில்லை. பொன்னையா செத்த பிறகு அவன் அந்தக் குரலை எடுத்ததே இல்லை. சிரிப்பை மட்டும் ஒருமுறை காட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்து மூச்சை இழுத்தான். இழுத்த காற்று மழைக்காலத்து ஆற்றுத் தண்ணீர்போல் குளிர்ந்து நெஞ்சுக்குள் இறங்கியது.

சிரிப்பு வந்தது. விக்கி, மாட்டி, ஓடியது. மண்டபம் முழுவதும் அதோடு சேர்ந்து சிரித்தது. இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஹபீல் வாயை மூடப் பார்த்தான். வாய் மூடவில்லை.

"எல்லாரும் கோட்டுப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்களேடா" என்றது அந்தக் குரல். "எனக்கு மட்டும் ஒருத்தனும் சொல்லி அனுப்பலையே."

மறுபடி சிரிப்பு. ஹபீலுக்குத் தன் குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. தன் கை உயர்ந்து பாரூக்கைச் சுட்டுவதைப் பார்த்தான்.

"பாரூக்கு, நான் படுத்திருக்கையில ரோட்டுல நின்னு கைய ஆட்டுனியே. என்னைய பஸ்ஸுன்னா நெனச்ச?"

பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாரூக்கும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். பிறகு அவன் முகம் வெளுத்துப்போனது. காய்ச்சலுக்குப் பயந்து வாசலுக்கு வராமல் தெருவில் நின்று கையசைத்துவிட்டு ஓடியதை அவன் எவரிடமும் சொன்னதில்லை.

குரல் முன்வரிசைப் பக்கம் திரும்பியது. அதிலிருந்த கேலி போய்விட்டது. வகுப்பில் எழுந்து நின்று விடை சொல்லும் பையனின் குரலாக இருந்தது.

"சேர், அந்தத் தொட்டி நிறையாது சேர்."

அத்தோடு விட்டது. ஹபீல் மேடைப்படியில் உட்கார்ந்துவிட்டான். பையன்கள் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தமிழ் தெரியாத தலைமையாசிரியர் மட்டும் முகமெல்லாம் மகிழ்ச்சியோடு வெகுநேரம் கைதட்டிக்கொண்டிருந்தார்.

தேநீரும் பற்றீஸும் பரிமாறும்போது ராஜலிங்கம் மாஸ்டர் ஹபீலை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கோப்பையை வாயில் வைக்காமலே கேட்டார்:

"தொட்டிக் கணக்கு உமக்கு ஆர் சொன்னது?"

தனக்கு எந்தக் கணக்கும் தெரியாது என்றான் ஹபீல். அவர் மெதுவாகச் சொன்னார். உத்தரவை மீறி, ஒருவருக்கும் சொல்லாமல், கொயினா மருந்து வாங்கிக்கொண்டு பொன்னையாவைப் பார்க்கப் போயிருக்கிறார். பையன் நினைவு தப்பித் தப்பிப் போய்க்கொண்டிருந்தான். அவனை விழித்திருக்க வைக்க ஒரு கணக்குப் போட்டார்: ஒரு குழாய் தண்ணீர் விட, இன்னொரு குழாய் அதைவிட வேகமாக வெளியே இழுக்க, தொட்டி நிறைய எவ்வளவு நேரம் எடுக்கும்?

"நாளைக்கு விடை சொல்லும் எண்டிட்டு வந்தனான். விடியேக்கை போயிட்டான். வீட்டில என்ர மனிசிக்கும் தெரியாது, நான் போனது."

"விடை சரியா சேர்?"

"சரி" என்றார் மாஸ்டர். கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, குடையை எடுக்காமலே மழைக்குள் இறங்கி நடந்து போனார்.

அன்றிலிருந்து ஹபீலின் தொண்டைக்குள் அந்தக் குளிர் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தவன், "ரசம் இருக்கா ஆத்தா?" என்று பொன்னையாவின் குரலில் கேட்டான். உம்மா சகீனா அகப்பையைப் போட்டுவிட்டாள். ஒரு நாள் கடையில் ஒரு பெண் கணவனின் ஜனாஸா அடக்கத்தைப் பற்றிச் சொல்லி அழுதுகொண்டு வெள்ளைத் துணி கிழிக்கச் சொன்னபோது, அவன் நெஞ்சிலிருந்து அந்தச் சிரிப்பு கிளம்பியது. வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினான். பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதித் தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்தபோதும் குளிர் போகவில்லை. ராஜலிங்கம் மாஸ்டரின் குரலைப் போட்டுப் பார்த்தான், வரவில்லை. எவருடைய குரலும் வரவில்லை. சில நேரம் தங்கை றமீஸாவைக் கூப்பிட வாய் திறந்தால் தன்னுடைய குரலே எது என்று தேட வேண்டியிருந்தது. தங்கை அவன் பக்கத்தில் வருவதை விட்டுவிட்டாள்.

பிரியாவிடையில் நடந்தது மஹய்யாவ வரைக்கும் எட்டியிருந்தது. பொன்னையாவின் தாய் அழகம்மா, பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர் மூலம், ஒரு நடை வந்துபோகும்படி சொல்லி அனுப்பினாள். ஹபீல் போனது இரக்கத்தால் அல்ல. எங்கிருந்து வந்ததோ அங்கேயே அதைக் கொண்டுபோய் விட்டுவிட முடியுமா என்ற ஒரே எண்ணம்தான் அவனுக்கு.

மழை விட்ட ஒரு பின்னேரம் பஸ்ஸில் போய் இறங்கினான். மயானத்துப் பக்கம் பார்க்காமல் நடந்தான். நகரசபைக் கூலிகளுக்குக் கட்டிய லயத்தில் கடைசி அறை. கறுப்பையா வாசலில் குந்தியிருந்தார். அவனைக் கண்டதும் எழுந்து வழி மறித்தார்.

"போனவனக் கூப்பிட வேணாம் தம்பி. திரும்பிப் போயிருங்க."

உள்ளேயிருந்து அழகம்மா, "வரட்டும் விடுங்க" என்றாள். கறுப்பையா தயங்கினார். பிறகு வழியை விட்டு, தெருவில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அறையில் அடுப்புப் புகை. அழகம்மா சின்ன உருவம்; முழங்காலைக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. தன் மகன் மாதிரிப் பேசுவீர்களாமே, ஒரு வார்த்தை பேசுங்கள் என்று மட்டும் அவனிடம் கேட்டாள். ஹபீல் பாயில் உட்கார்ந்தான். முயற்சி ஒன்றும் தேவைப்படவில்லை.

"ஆத்தா, கருவாடு கருகுது."

அவள் சட்டென்று திரும்பிச் சட்டியை இறக்கினாள். இறக்கிய கையோடு, "நாலு நாளா வூட்டுக்கு வராம சுத்துறவனுக்குக் கருவாடு ஒண்ணுதான் கேடு" என்றாள், ஒரு வருஷம் நடுவில் இல்லாததுபோல. அது சிரித்தது. அவள் திட்டினாள். மாமன் வீட்டுக் கதை பேசினார்கள். பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றிப் பேசினார்கள். ஒரு தாயும் மகனும் எந்தப் பின்னேரத்திலும் பேசுகிற பேச்சுத்தான். ஹபீல் தன் உடம்புக்குள்ளேயே ஒரு மூலையில் ஒதுங்கி, அந்நிய வீட்டில் அகப்பட்டவன்போல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் இருவருக்கும் அவன் அங்கே இருப்பதே நினைவில்லை என்று அவனுக்குத் தோன்றியபோதுதான் உண்மையான பயம் வந்தது. இனித் தனக்கு இந்த உடம்பில் இடமே கிடைக்காமல் போனால்?

அப்போது அழகம்மா கேட்டாள்: "போயிற மாட்டியே?"

"எங்க போறது? இங்கயே இருக்கேன்."

தொண்டையிலிருந்து எதையோ உருவி எடுத்ததுபோல் இருந்தது. ஹபீல் இருமினான். இருமல் அவனுடையதாக இருந்தது. "அம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தான்; அதுவும் அவன் குரல்தான். நெஞ்சில் சூடு பரவியது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அழகம்மா அவன் பக்கம் பார்க்கவில்லை. அவளுடைய பார்வை அவனுக்கு இடது புறம், பாயில் ஒருவர் உட்காரும் அளவு வெறுமையாக இருந்த இடத்தில் நின்றது. பீங்கானில் சோறு போட்டு, கருவாட்டுத் துண்டை ஓரத்தில் வைத்து, அந்த இடத்துக்கு முன்னால் தள்ளினாள். பிறகுதான் விருந்தாளியை நினைத்துக்கொண்டவள்போல் அவனிடம் திரும்பினாள்.

"நீங்களும் சாப்பிடுறீங்களா தம்பி?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தான். இடது பக்கம் பார்க்கக்கூடாது என்று கழுத்தை விறைத்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினான். தெருவில் கறுப்பையா அவன் கையைப் பிடித்தார்.

"பேசி முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சி காக்கா" என்றான் ஹபீல், மூத்தவர்களை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் தன் வீட்டுப் பழக்கத்தில்.

கறுப்பையா கதவைப் பார்த்தார். உள்ளே அழகம்மா யாரையோ செல்லமாகக் கடிந்துகொண்டிருந்தாள். அதற்குப் பதிலாக, விக்கலில் மாட்டி, பிறகு கடகடவென்று ஓடி, அந்தச் சிரிப்பு கேட்டது. ஹபீல் தன் வாயைக் கையால் பொத்திப் பார்த்தான். வாய் மூடியே இருந்தது.

கறுப்பையா சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு, மாத்தளைப் பக்கம் தோட்டத்தில் இருந்த தம்பியோடு போய்ச் சேர்ந்தார். அழகம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். லயத்துப் பிள்ளைகள் அந்த வாசலில் விளையாடுவதில்லை என்று பாரூக் வந்து சொன்னான். ஹபீல் சோதனையில் தேறினான். ஆனாலும் வாப்பாவின் கடையிலேயே நின்றுகொண்டான். எவருடைய குரலையும் அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. கல்யாண வீடுகளில் கேட்டால் தொண்டை சரியில்லை என்பான்.

சில வருஷம் கழித்துக் கண்டிச் சந்தையில் அழகம்மாவைக் கண்டான். ஒதுங்கப் பார்ப்பதற்குள் அவள் அவனைப் பார்த்துவிட்டாள். கூடை நிறையச் சாமான் வைத்திருந்தாள். ஒருத்திக்கு அது அதிகம். முகம் தெளிவாக, சந்தோஷமாக இருந்தது.

"ஏந் தம்பி வீட்டுப் பக்கமே வர்றதில்ல?" என்று கேட்டாள். "அவன் ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கான்."

வருகிறேன் என்றான் ஹபீல். அதன் பிறகு கண்டிக்குப் போக வேண்டி வந்தால், பஸ் மஹய்யாவ பகுதியைத் தாண்டும் வரை ஏதாவது ஒரு குர்ஆன் ஆயத்தை முணுமுணுத்துக்கொண்டே இருப்பான், தன் சொந்தக் குரல் தன் காதில் விழும்படியாக.